பொட்டலச் சூது

செஞ்சிக் கடைத்தெருவில் என் சகோதரி மகன் ஒரு பொட்டலத்தைக் கிழித்தான். உள்ளே போக்கிமான் சீட்டுகள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எல்லாம் எங்கிட்ட இருக்கிறதுதான், மாமா. இன்னும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்றான். அன்று ஆறு பொட்டலம் வாங்கினோம். ஏழாவதற்கும் என் கை சட்டைப் பைக்குள் போனதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கும் அந்தப் பித்து உண்டு. ஆகையால் இதைச் சீட்டாட்ட விரோதி ஒருவனின் புலம்பல் என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடாது.

1990-களில் இதே ஊரில் நாங்கள் மல்யுத்த வீரர்களின் 'டிரம்ப் கார்டு' ஆடினோம். உயரம், எடை, மார்பளவு, புஜம் என்று சீட்டில் எண்கள் இருக்கும். ஒருவன் "எடை" என்பான்; யோகோசுனாவைக் கையில் வைத்திருப்பவன் அள்ளிக்கொண்டு போவான். பெரிய எண் ஜெயிக்கும், அவ்வளவுதான் சாமர்த்தியம். இதை யுத்தம் என்று சொல்லச் செஞ்சிக்காரன் கூச வேண்டும். எண்ணிக்கைதான் வெற்றி என்றால், ஜுல்பிகர் கானின் மொகலாயப் படை 1690-இல் வந்து 1698 வரை இந்த மலைகளைச் சுற்றிக் காத்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மட்டமான ஆட்டத்துக்கு ஒரு யோக்கியதை இருந்தது. பெட்டி வாங்கினால் கட்டு முழுவதும் வந்துவிடும். ஒருவன் வாங்கினால் தெருவே ஆடலாம்.

பிறகு அமெரிக்காவில் 1993-இல், கணிதம் படித்த ரிச்சர்டு கார்ஃபீல்டு 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அபாரமான மூளை! ஒவ்வொருவனும் தன் கட்டைத் தானே தொகுத்துக்கொண்டு வருவான். இன்றைய வழக்கமான விதிப்படி குறைந்தது 60 சீட்டு. சாதாரண நிலச் சீட்டைத் தவிர ஒரே சீட்டு நாலுக்கு மேல் கூடாது. ராட்சசனை இறக்க வேண்டுமானால், அதற்கு முன் நிலச் சீட்டுகளை முறைக்கு ஒன்றாக மேஜையில் சேர்த்திருக்க வேண்டும். அதற்குள் எதிராளியின் சில்லறைப் பிராணிகள் நாலைந்து வந்து குதறிவிடும். பெரிதாக இருப்பதற்கே ஒரு விலை வைத்தாரே, அங்கேதான் யோகோசுனா தோற்றார். 1996-இல் ஜப்பானில் வந்த போக்கிமான் சீட்டாட்டமும் இந்த வம்சந்தான்.

ஆட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, விற்பனையில்தான். மேஜிக்கின் முதல் வெளியீட்டிலேயே பொட்டலத்துக்கு 15 சீட்டு: 11 சாதாரணம், 3 கொஞ்சம் அரிது, ஒன்றே ஒன்று அபூர்வம். எந்த அபூர்வம் என்பது கிழித்தால்தான் தெரியும். சீட்டைக் கலைத்துப் போடும்போது வரவேண்டிய அதிர்ஷ்டத்தைக் கடை வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். கலைப்பதில் வரும் அதிர்ஷ்டம் இருவருக்கும் பொது. நூறு பொட்டலம் வாங்க முடிந்தவனுக்கோ அது அதிர்ஷ்டமே இல்லை, வெறும் கணக்கு.

நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "குழந்தைகள் சீட்டை மாற்றிக்கொள்கிறார்கள், பேரம் பழகுகிறார்கள். இது என்ன, ரம்மியைப்போலச் சூதா?" என்றார். ரம்மியை இழுத்தது அவர் செய்த தவறு. 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றே சொல்லிற்று; எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டியிருப்பதையும் காரணமாகக் காட்டிற்று. காசு வைத்து ஆடுவதற்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் ரம்மிக் கட்டில் என்னென்ன இருக்கிறது என்பது உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பொட்டலத்தில்? பேரத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். பத்து வயதுப் பையனிடம் பதின்மூன்று வயதுப் பையன் பேசும் பேரத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். அடகுக் கடையில்கூட அதைவிட ஈரம் உண்டு.

வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2008-இல் ஃபேன்டஸி ஃபிளைட் என்ற அமெரிக்கக் கம்பெனி, பொட்டலத்துக்குள் இன்னின்ன சீட்டுத்தான் என்று நிர்ணயித்து விற்க ஆரம்பித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் நால்வரைத் திண்ணையில் உட்காரவைத்து, எல்லாருடைய சீட்டையும் ஒரே குவியலாகக் கொட்டச் சொன்னேன். கலைத்து ஆளுக்குப் பதினைந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்துப் பையனிடம் தள்ள வேண்டும். மேஜிக் ஆடுகிறவர்கள் இதை 'டிராஃப்ட்' என்பார்கள். போக்கிமானுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது; விதியைக் கொஞ்சம் வளைத்தோம். எல்லாரையும்விடக் குறைவாகச் சீட்டு வைத்திருந்த பையன் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தான்.

என் மருமகன் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இரவு அவன் சட்டையைத் துவைக்கப் போட்ட சகோதரி, பையிலிருந்து ஒரு மினுமினுப்புச் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். குவியலில் அது விழவே இல்லை.