எஞ்சினுக்குப் பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜை என்று ஒரு நாள் வருஷந்தோறும் வருகின்றது. அன்று ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் உள்ள பட்டறைகளிலும், தொழிற்சாலைகளிலும், காசிமேட்டுப் படகுத் துறையிலும் இருக்கின்ற எஞ்சின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் பூசி, மாலை போட்டு, பூசணிக்காயை உடைத்து, எலுமிச்சம் பழத்தை நசுக்கி, கற்பூரம் கொளுத்திக் கும்பிடுகின்றார்கள். வேறு மதத்தார் மந்திரித்த தண்ணீரைத் தெளிக்கின்றார்கள், தாயத்துக் கட்டுகின்றார்கள். இவற்றைச் செய்கின்றவர்கள் பெரும்பாலும் அந்த எஞ்சினை நம்பியே வயிறு வளர்க்கும் தொழிலாளிகள். ஆதலால் அவர்களைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி மாத்திரம் கேட்க ஆசைப்படுகின்றோம். கரையிலிருந்து பத்து மைலுக்கு அப்பால், காற்றுக் கிளம்பும் நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், அதை மறுபடி ஓடச் செய்வது அதன்மேல் இருக்கும் பொட்டா, உங்கள் கையில் இருக்கும் ஸ்பானரா?

இந்த வட்டாரத்திற்கு எஞ்சின் புதிதல்ல. தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1948ல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955ல் அது அசோக் லேலண்டாகி லாரிகள் செய்யலாயிற்று. அதே 1955ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கினார்கள். இத்தனை எஞ்சின்களையும் பூட்டியும் பிரித்தும் பழகியவை நம் மக்களின் கைகளே அன்றி வேறல்ல. கடலில் போகின்றவர்களோ வெகுகாலம் துடுப்பையும் பாயையும் நம்பிக் கட்டுமரத்தில் போனார்கள். 2004ஆம் வருஷத்து ஆழிப் பேரலைக்குப் பிறகு பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவற்றோடு சிறு எஞ்சின்களும் வந்தன. துடுப்புப் போட்ட காலத்தில் மனிதன் தன் தோளை நம்பினான். இப்போது அவன் உயிர் ஒரு சிறு எஞ்சினில் தொங்குகின்றது. அந்த எஞ்சினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாதென்றால், அவன் உயிர் யார் கையில் இருக்கின்றதென்பதை யோசித்துப் பாருங்கள்.

எஞ்சின் நின்றால் இருவிதமாய்ப் பேசுவதுண்டு. “கண்ணேறு பட்டுவிட்டது, நேரம் சரியில்லை, புறப்படும்போது கைம்பெண் எதிரே வந்தாள்” என்பது ஒருவிதம். “ஏன் நின்றது, பார்ப்போம்” என்பது மற்றொரு விதம். முதலாவது பேச்சால் எஞ்சின் ஓடாதென்பது ஒருபுறமிருக்க, அதனால் ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்ணின்மேல் பழி விழுகின்றது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு தாய், பொழுது விடியுமுன் தெருவில் நடந்த குற்றத்திற்காக, அடைத்துக்கொண்ட ஒரு பில்டருக்கு ஜவாப்தாரியாக்கப்படுகின்றாள். பில்டரைக் கழற்றிப் பார்த்திருந்தால் அதில் இருந்த குப்பை தெரிந்திருக்கும். பார்க்க மனமில்லாதவன் விதவையின் நெற்றியைப் பார்க்கின்றான்! இதைவிட அநியாயம் வேறு என்ன இருக்கக் கூடும்?

இரண்டாவது பேச்சோ வெகு சுலபமானது. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று சங்கதிகள் போதும். காற்று வேண்டும், எண்ணெய் வேண்டும், தக்க சமயத்தில் நெருப்புப் பொறி வேண்டும். இவற்றில் எது இல்லை என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் காரணம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். அது நனைந்திருந்தால் எண்ணெய் வருகின்றது, பொறி இல்லை. வறண்டிருந்தால் எண்ணெயே வரவில்லை. கரி படிந்திருந்தால் எண்ணெய் மிஞ்சிவிட்டது. வெளுத்துச் சுட்டிருந்தால் எண்ணெய் குறைந்து சூடேறுகின்றது. டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது. காற்றை நெருக்குவதால் உண்டாகும் சூடே அதற்கு நெருப்பு. ஆகையால் அதில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்பதே. திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரையில் கைப்பம்பை அடித்து, மறுபடி முறுக்கினால் அநேக எஞ்சின்கள் உயிர் பெற்றுவிடும். இதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை.

கடலில் எஞ்சின் நின்றாலாவது படகு மிதக்கும். ஆகாயத்தில் நின்றால் என்ன ஆகும்? 1903ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17ந் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்கள் விமானத்தில் இருந்த எஞ்சின் சுமார் 12 குதிரைச் சக்திதான். அதை ஆறே வாரத்தில் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் பட்டறையில் வேலை செய்த சார்லஸ் டெய்லர் என்கின்ற தொழிலாளி. நமது சென்னையிலும் 1910ல் டி ஏஞ்சலிஸ் என்ற ஹோட்டல்காரரின் விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியார் கட்டிக் கொடுத்தனர். அன்று முதல் பறக்கின்றவர்கள் கண்ட பாடம் ஒன்று: எஞ்சின் நிற்கக் கூடும் என்று எண்ணியே அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால்தான் சிறு விமானங்களின் எஞ்சினில் வழக்கமாய் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளும், எஞ்சினுக்குப் பொறி தருகின்ற இரண்டு மேக்னெட்டோக்களும் வைத்தார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று காப்பாற்றும். கிளம்பும் முன் விமானி ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்த்துச் சோதிக்கின்றான். டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கின்றான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொரு விந்தையும் கேளுங்கள். நல்ல வெயில் காலத்தில், விமானம் மெதுவாய் இறங்கும்போது எஞ்சின் இருமி நிற்பதுண்டு. தரையில் இறங்கி மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் ஒரு குற்றமும் தெரியாது. முடுக்கினால் உடனே ஓடும். நம் ஊராயிருந்தால் இதற்குப் பேய் என்றே பெயர் வைத்து ஒரு கோயிலும் கட்டியிருப்பார்கள். ஆனால், பார்த்தவர்கள் யோசித்தார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அதன் குறுகிய கழுத்தில் விரைந்து போகும் காற்றும் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கும்போதும் அந்தக் கழுத்தில் பனிக்கட்டி கட்டி வழியை அடைத்துவிடும். இறங்கிய சிறிது நேரத்தில் அது உருகிவிடுவதால் சாட்சி கிடையாது. காரணம் தெரிந்ததும் என்ன செய்தார்கள்? புகைக் குழாயைச் சுற்றிச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிட ஒரு கைப்பிடி வைத்தார்கள். பேய் ஓடிப்போயிற்று! கண்ணுக்குத் தெரியாத காரணமும் காரணமே என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை.

நிற்க, நமது படகு எஞ்சினுக்கு விரோதிகள் யார்? உப்பு, தண்ணீர் கலந்த எண்ணெய், மணல், மனிதனுடைய அசட்டை ஆகிய நான்குமே. அவுட்போர்டு எஞ்சினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவினால் உப்புத் தங்காது. ஓடும்போது பக்கத்தில் பீச்சுகின்ற தண்ணீர் நின்றுபோனால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். குளிர்ச்சித் தண்ணீர் ஏறவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மண்ணெண்ணெயில் ஓட்டுகின்றவர்கள் நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டினால் மறுநாள் கயிறு இழுத்து இழுத்துக் கை சலிக்க வேண்டியதில்லை. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் எஞ்சின்களுக்கு, செய்தவர்கள் சொன்ன அளவுப்படி அளந்தே கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றி, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஞ்சினால் பிளக்கில் கரி ஏறும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டதென்று அறிய வேண்டும். படகில் ஒரு மாற்றுப் பிளக்கு, மாற்றுப் பில்டர், இழுகயிறு, ஸ்பானர் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்திருப்பது, ஒரு வருஷத்துக் கற்பூரச் செலவைவிட அதிகம் பலன் தருவதாகும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புஸ்தகமும் வேண்டும். சிறு விமானத்தின் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடிற்று, எப்போது எண்ணெய் மாற்றினார்கள், எதைக் கழற்றினார்கள் என்பதெல்லாம் எழுதப்படுகின்றது. 100 மணிக்கு ஒரு சோதனை, பல எஞ்சின்களுக்கு 2000 மணி ஓடியதும் முழுதும் பிரித்துச் சீர்செய்வது என்று கணக்கிருக்கின்றது. நம்மவர்கள் ராகு காலத்தைக் குறித்து வைக்கின்றார்கள். எஞ்சின் ஓடிய காலத்தைக் குறிப்பதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கின்றது. இந்த நாட்களில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன. அப்போது நோட்டைப் பார்த்து வேலை செய்தால் எது தேய்ந்தது, எது இன்னும் தாங்கும் என்பது ஊகமாய் இராமல் கணக்காயிருக்கும்.

“பிளக்கையும் துடைக்கிறோம், பொட்டும் வைக்கிறோம், என்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கக் கூடும். ஆயுத பூஜையன்று எஞ்சினைத் துடைத்துக் கழுவுகின்றீர்களே, அது ஒன்றே அன்று நடக்கும் நல்ல காரியம். அதை வருஷத்தில் ஒரு நாள் செய்யாமல் ஒவ்வொரு நாளும் செய்யுங்கள் என்கின்றோம். பொட்டு வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்கின்ற எண்ணம் துடைக்கும் கையைச் சோம்பேறியாக்குகின்றது. அதுவே நஷ்டம்.

கையில் கரி படிந்தவனைத் தாழ்ந்தவன் என்றும், ஏடு பிடித்தவனை உயர்ந்தவன் என்றும் சொல்லிவந்த நாடு இது. அதனால் தொழில் தெரிந்தவனுக்கு எழுத்து இல்லாமலும், எழுத்துத் தெரிந்தவனுக்குத் தொழில் இல்லாமலும் போயிற்று. பட்டறையில் சேரும் பையனுக்கு “இதைத் திருகு” என்று சொல்வார்களே ஒழிய “ஏன்” என்பதைச் சொல்லார்கள். இந்நிலை மாற வேண்டும். எஞ்சின் விற்கின்றவர்கள் அதைப் பராமரிக்கும் முறையைத் தெளிவான தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் வற்புறுத்த வேண்டும். ராயபுரத்திலேயே மத்திய அரசாங்கத்தின் மீன்பிடித் தொழில் பயிற்சி நிலையம் இருக்கின்றது; அங்கு படகு எஞ்சின் வேலையும் கற்பிக்கப்படுகின்றது. நம் குப்பத்துப் பிள்ளைகள் அதில் ஏராளமாய்ச் சேர வேண்டும்.

தோழர்களே! அடுத்த தடவை எஞ்சின் நின்றால், எதிரே வந்தது யார் என்று கேளாதீர்கள். எண்ணெய் வருகிறதா, பொறி வருகிறதா, காற்று வருகிறதா என்று கேளுங்கள்.