மைக்ரேன் நோயாளியின் இடுப்பை யார் அளப்பது?

தலைவலி என்று வருபவருக்கு நம் மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுக்கிறார்கள். கண் பவரைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். சைனஸ் இருக்குமோ என்று எக்ஸ்ரே பார்க்கிறார்கள். அவருடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் இடுப்புச் சுற்றளவையும் கேட்பவர்கள் குறைவு. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியைக் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்து வைத்தியம் செய்யும் வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மைக்ரேன் மூளையின் நோய். பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரேன் நோயாளிகளின் மரபணுக்களை அலசி 2022இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 123 மரபணு இடங்களை அடையாளம் கண்டது. எனவே, ‘உடம்பு போட்டதால்தான் உனக்குத் தலைவலி’ என்று ஒரு பெண்ணை யாராவது குற்றஞ்சாட்டினால் அது தவறு. ஒல்லியானவர்களுக்கும் மைக்ரேன் வருகிறது. உடல் பருமனும் ரத்தக் கொதிப்பும் செய்வது வேறு: எப்போதாவது வந்துபோகும் வலி நாள்பட்ட வலியாக மாறவும், மூளையின் ரத்தநாளங்கள் கெடவும் அவை துணைபோகின்றன.

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்துவைக்க அதற்கு இடமும் மிகக் குறைவு. மைக்ரேன் உள்ளவர்களின் மூளை இந்த வரவு செலவில் சிறு ஏற்ற இறக்கத்தைக்கூடத் தாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் என்று காலையில் வெறும் வயிற்றோடு இருந்த பெண்கள் மதியத்துக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறையைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘பித்தம் ஏறிவிட்டது’ என்பார்கள். தூக்கம் கெட்டாலும் சாப்பாடு தள்ளிப்போனாலும் வலி வருவதற்கு இந்த ஆற்றல் பற்றாக்குறை ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

தொப்பையில் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைத் தொடர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. மைக்ரேன் வலியின்போது, முகத்தின் உணர்வுகளைக் கடத்தும் நரம்பின் முனைகளில் சுரக்கும் சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு ரத்தத்தில் கூடுவதை 1990இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் முதல் ஊசி மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த வலிப்பாதையை உடலின் அழற்சி மேலும் கூர்மையாக்குகிறது என்பதே இப்போதைய புரிதல். மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல் தலைவலி, அது 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பது, அவற்றில் 8 நாட்களாவது மைக்ரேன் தன்மையோடு இருப்பது: இதைத்தான் நாள்பட்ட மைக்ரேன் என்கிறோம். உடல் பருமன் உள்ளவர்கள் இந்த நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மருந்துச் சீட்டு. “மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து தலைவலி பரவாயில்ல டாக்டர். ஆனா பசி அடங்கவே மாட்டேங்குது, ஆறு மாசத்துல எந்தப் புடவை பிளவுஸும் போட முடியல” என்று சொல்லும் பெண்கள் என் அறைக்கு அடிக்கடி வருகிறார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் ஃபுளுனரிசின் இருக்கும். அல்லது அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட். மூன்றும் வலியைத் தடுக்கும். மூன்றுமே எடையைக் கூட்டக்கூடியவை. கர்ப்பமாகக்கூடிய வயதில் வால்ப்ரோயேட் கருவுக்கும் கேடு. ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்கு, அம்மா அப்பா இருவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கு, எடையைப் பார்க்காமலே இவற்றை எழுதுவது ஒரு நோயைக் கொஞ்சம் தணித்து இன்னொன்றை வாசலுக்கு அழைத்துவரும் காரியம். எடையைக் குறைக்கும் தன்மையுள்ள டோபிராமேட் இருக்கிறது. கர்ப்பத்தில் ஆகாது, சிறுநீரகக் கல் வரலாம் என்ற எச்சரிக்கையோடு தர வேண்டும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் காண்டிசார்டன் மைக்ரேனையும் தடுக்கிறது என்பதை நார்வே மருத்துவர்கள் 2003இலேயே காட்டினார்கள். இதுவும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ரத்தக் கொதிப்பும் மைக்ரேனும் உள்ள ஒருவருக்கு ஒரே மாத்திரை போதும் என்றால் செலவும் மிச்சம். ஆனால், ரத்த அழுத்தத்தை அளந்தால்தானே இது தெரியவரும்?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் எர்கோட்டமின் கலந்த மாத்திரை ரத்தநாளங்களைச் சுருக்கும். இதய நோயும் கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. டிரிப்டான் வகை மாத்திரைகளும் அப்படியே. வலி மாத்திரைகளை அள்ளிப் போடும் சர்க்கரை நோயாளி தன் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாட்கள், எர்கோட்டமினும் டிரிப்டானும் 10 நாட்கள் என்று 3 மாதங்களுக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

சர்க்கரைக்கும் மைக்ரேனுக்கும் உள்ள உறவு எதிர்பாராதது. 74 ஆயிரத்துக்கும் அதிகமான பிரெஞ்சுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. மைக்ரேன் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருவது குறைவாகவே இருந்தது. சர்க்கரை நோய் வந்தவர்களிடமோ, அது கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் மைக்ரேன் படிப்படியாகக் குறைந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற வலி அடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மாதவிடாய் நின்ற பிறகும் மைக்ரேன் குறைவதுண்டு என்பதால் ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஐம்பதை ஒட்டிய வயதில் ‘என் தலைவலி தானாகவே போய்விட்டது’ என்று மகிழ்பவரை ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மூளையில் வெள்ளைப் புள்ளிகள்’ என்று இருந்தால் போதும், குடும்பமே கலங்கிப்போகிறது. மறதி நோய் வருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நெதர்லாந்தில் மைக்ரேன் நோயாளிகளை 9 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஸ்கேன் செய்து 2012இல் வெளியிட்டார்கள். பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. அவர்களுடைய நினைவாற்றலோ சிந்தனையோ அதனால் குறையவில்லை. அதே வெள்ளைப் புள்ளிகள் ரத்தக் கொதிப்பாலும் சர்க்கரையாலும் வந்தால் கதை வேறு. நடுவயதுப் பருமன், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு நான்கையும் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களின் பட்டியலில் லான்செட் ஆணையம் 2024இல் வைத்திருக்கிறது. ஆக, மைக்ரேன் நோயாளி தன் மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் கவனிக்க வேண்டியவை இந்த நான்கும்தான். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் ‘ஆரா’ வகை மைக்ரேன் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. புகைபிடித்தாலோ ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தாலோ அது மேலும் ஏறுகிறது.

எடை குறைக்கும் ஊசி மைக்ரேனைக் குணப்படுத்துமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், பருமனும் அடிக்கடி வரும் மைக்ரேனும் உள்ள 31 பேருக்கு லிராகுளூடைட் கொடுத்துப் பார்த்தார்கள். 12 வாரங்களில் மாதத் தலைவலி நாட்கள் ஏறக்குறைய 20இலிருந்து 11 ஆகக் குறைந்தன. எடை பெரிதாகக் குறையாமலே வலி குறைந்தது வியப்பு. தலைக்குள் அழுத்தம் குறைந்ததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. இதை நம்பி யாரும் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பருமனான இளம்பெண்ணுக்குப் படுத்தால் கூடும் தலைவலி, காதில் இரைச்சல், சில நொடிகள் பார்வை மங்குதல் இருந்தால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம்; அதை மைக்ரேன் என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே கண்ணின் பின்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும்; தாமதித்தால் பார்வை போய்விடக்கூடும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. கர்நாடகத்தில் நடந்த கள ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மைக்ரேன். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே உடம்பில் சந்திக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளோடு இரண்டைச் சேர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையை வேண்டுகிறேன்: மாதத்தில் எத்தனை நாள் தலைவலி வருகிறது? அதற்கு எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்? 15 நாட்களைத் தொடுபவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப அந்த இரண்டு பதில்கள் போதும்.

- கட்டுரையாளர்: நரம்பியல் மருத்துவர்