இருட்டில் கைகொடுப்பது எது?

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி "வர்தா" புயல் வீசியது. சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

காஞ்சீபுரம் நெசவாளர் பலருக்கு வீடும் தறியும் ஒன்றுதான். குழித்தறியில் பட்டுப் பாவு விரிந்து கிடக்கும். அதன் அருகே மெழுகுவர்த்தி ஏற்றலாமா? கூடவே கூடாது! ஒரு பொறி பட்டால் போதும். பல நாள் உழைப்பு பாழ்!

டார்ச் லைட்தான் நல்லது. விலை உயர்ந்தது வேண்டாம். செல் போடும் சாதாரண எல்.இ.டி. டார்ச்சே போதும். கொஞ்சம் மின்சாரத்தில் நெடுநேரம் எரியும். சார்ஜ் டார்ச்சை மட்டும் நம்பினால், மின்சாரம் வராத நாளில் என்ன செய்வது? செல்போன் வெளிச்சத்தையே நம்பினால், ஆபத்துக்குப் பேச சார்ஜ் இருக்காது.

செல்லைக் கழற்றி, டார்ச்சோடு ஒரே பையில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து டார்ச்சைக் கெடுக்கும். மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள். காரிலும் ஒன்று இருக்கட்டும்; வெயிலில் கார் சூடேறுவதால் அந்தச் செல்லை அடிக்கடி கவனியுங்கள்.

ஒரு பட்டுப் புடவைக்கு முன்னால் டார்ச்சின் விலை எம்மாத்திரம்? மழைக்கு முன்பே வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்!