ஒரு காப்பி குடுப்பியா?

கேமரா வாங்குவதற்கு முன்னால் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு எழுந்திருப்பேன். இட்லி சாப்பிடுவேன். மறுபடி படுத்துக்கொள்வேன். என்னால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

வினை ஒரு நண்பர் ரூபத்தில் வந்தது. "போன்ல எடுக்கிறதெல்லாம் போட்டோவே இல்ல சார். ஒரு நல்ல கேமரா வாங்குங்க. பன்னிரண்டு மாசத் தவணை, வலியே தெரியாது" என்றார். (பாங்க்கில் வேலை பார்க்கிறார். அவருக்கு வலி தெரியாதுதான்.)

பில்லைப் பார்த்த என் சகதர்மிணி ஒரு வார்த்தை பேசவில்லை. நகைக்கடை விளம்பரம் வந்த பேப்பரை எடுத்து, என் கண்ணில் படும்படி டீப்பாய் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பி.காம். படித்தவனுக்குப் பற்று வரவை இதைவிடத் தெளிவாக எந்தப் புரொபசரும் சொல்லித் தந்ததில்லை.

கேமராவோடு வந்த புத்தகம் தலையணை சைஸ். எனவே எங்கள் காலனி ஹாலில் நடந்த போட்டோ வகுப்பில் சேர்ந்தேன். ஆறு ஞாயிறு. முன்னால் யோகா, பின்னால் இந்தி, நடுவில் நாங்கள். ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர், பேரன் பிறக்கப் போகிறான் என்று அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு மாமி, நான்.

மாஸ்டர் முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. எங்களைப் பற்றித்தான் இருந்தது.

"அப்பெர்ச்சர்னா லென்ஸ்ல வெளிச்சம் வர்ற ஓட்டை. 2-ன்னு வெச்சா பெரிய ஓட்டை. 16-ன்னு வெச்சா சின்ன ஓட்டை."

"அதெப்படி சார், பதினாறு ரெண்டைவிடச் சின்னது?" என்றேன். அக்கவுன்டன்ஸியில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன் விட்டுவிட முடியுமா?

"ஒரு தோசைய ரெண்டு பேர் பங்கு போட்டா பெரிய துண்டு வருமா, பதினாறு பேர் போட்டா வருமா?"

லென்ஸ் நீளத்தை அந்த எண்ணால் வகுக்க வேண்டுமாம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 2 என்றால் ஓட்டை 25 மில்லிமீட்டர். 16 என்றால் சுமார் மூன்றுதான். பெரிய ஓட்டை வைத்தால் ஒரு கண் கூர்மையாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சுமிட்டாய். சின்ன ஓட்டை வைத்தால் அக்கம்பக்கமும் தெளிவாக விழும்.

சரித்திரமும் சொன்னார். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற துரை, 1858-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து வரிசையாக ஒட்டினாராம். கிட்டத்தட்ட 19 அடி நீளம்!

"கோயிலுக்கு ஆடாம நிக்கத் தெரியும். மனுஷன்தான் கஷ்டம்" என்றார் மாஸ்டர். 1838-ல் பாரீஸில் டாகேர் என்பவர் ஜன்னல் வழியாக ஒரு பெரிய சாலையைப் படம் எடுத்தார். ஜனங்களும் வண்டிகளும் போய்க்கொண்டிருந்த நேரம். ஆனால் படம் பதியச் சில நிமிஷங்கள் ஆனதால், நடந்தவர் ஒருவரும் பதியவில்லை. ஓரமாக நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆள் மட்டும் விழுந்துவிட்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. படம் எடுத்தது அவருக்கும் தெரிந்திருக்காது.

நாலாவது ஞாயிறு 'போட்டோ வாக்'. அதாவது, கும்பலாகப் போய்த் தனித்தனியாக எடுப்பது. காலை ஆறு மணி, மயிலாப்பூர் தெப்பக்குளம். போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு கோஷ்டி நிற்கிறது! மாட வீதியில் அன்று பக்தர்களைவிட டிரைபாட்கள் அதிகம். ஒரு புறா பறந்தால் இருபது ஷட்டர் சத்தம்.

அங்கே ஒரு பூக்கார ஆயா. எழுபது வயது இருக்கும். முகமெல்லாம் சுருக்கம், மூக்கில் பொட்டு மூக்குத்தி, ஒரு பக்கமாக விழும் இளம் வெயில். விடுவோமா? ஆயாவைச் சுற்றி அரை வட்டம். அவர் பாட்டுக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். நான் மண்டி போட்டு நாற்பது படம் எடுத்தேன். மற்றவர்கள் அடுத்த புறாவைத் தேடிப் போனார்கள். பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது ஆயா கேட்டார்:

"ஏன் தம்பி, இத்தினி எடுத்தியே... எனக்கு ஒரு காப்பி குடுப்பியா?"

மனசு கரைந்துவிட்டது. காலை வேளை, வயசானவர், வாய் விட்டுக் கேட்கிறார். முனைக் கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி வாங்கி வந்து நீட்டினேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காப்பி நல்லாத்தான் கீது. நான் கேட்டது இந்தக் காப்பி இல்ல கண்ணு. போட்டோ காப்பி!"

அசடு வழிந்தது. நல்லவேளை, அதை யாரும் படம் எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆனா கும்பலா வந்து எடுத்துகினு போறீங்க. என் மூஞ்சி எங்கெங்கயோ போவுதாம். என் பேத்தி போன்ல பாத்துட்டு சொன்னா. எனக்கு மட்டும் ஒண்ணு வந்து சேரல."

"எதுக்கு ஆயா?"

"எதுக்கா? நாளைக்கு நான் பூட்டேன்னா மாலை போட ஒண்ணு வாணாவா? எங்க வூட்டுக்காரு போனப்ப ஒரு படம் இல்ல. ஓட்டு கார்டுல இருந்தத பெரிசு பண்ணி மாட்டுனாங்க. போலீஸ் டேசன்ல ஒட்டி வெச்ச ஆளு மாதிரி கீறாரு. பத்து பைசா திருடாத மனுசன்!"

சிரிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா இருக்கிறார். 2013-ல் அவர் போன ராத்திரி, ஆளுக்கொரு பக்கம் பீரோவைக் குடைந்தும் தனிப் படம் ஒன்றும் அகப்படவில்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர்தானே! கடைசியில் அக்கா கல்யாணத்து குரூப் போட்டோவிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டிப் பெரிசாக்கினோம். அவர் இடது தோளில் மோதிரம் போட்ட நாலு விரல் தெரியும். யாருடைய கை? பெரியப்பா தன்னுடையது இல்லை என்கிறார். சித்தப்பா ஜென்மத்தில் மோதிரம் போட்டதில்லை. ஆல்பத்தைப் பார்க்கலாம் என்றால், அது 2015 டிசம்பர் வெள்ளத்தில் அக்கா வீட்டுக் கட்டிலோடு ஊறிப் போயிற்று. வருஷா வருஷம் திதியன்று மாலையை இழுத்துவிட்டு அந்தக் கையை மறைக்கிறோம்.

"அடுத்த ஞாயிறு கொண்டு வரேன் ஆயா" என்றேன்.

நாற்பதில் ஒன்று அபாரமாக வந்திருந்தது. பாதி முகம் வெயிலில், பாதி இருட்டில். "ரெம்ப்ராண்ட் லைட்டிங்!" என்று மாஸ்டரே தோளில் தட்டினார். எட்டுக்குப் பன்னிரண்டு, மேட் பினிஷ், அட்டை போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆயா வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொரு பாதி எங்க?"

"அது வந்து ஆயா... ரெம்ப்ராண்ட்னு ஹாலந்துல ஒரு ஓவியர். முந்நூத்தம்பது வருஷம் முன்னாடி..."

"கரண்டு இல்லாத ஊரா?"

பதில் இல்லை.

"ரெண்டு கம்மல் போட்டுகினு கீறேன். ஒண்ணுதான் விழுந்துகீது. பாக்கறவன் இன்னொண்ணு அடகுல கீதுன்னு நெனைக்க மாட்டான்?"

நியாயம்தானே! அந்தப் படத்தில் வெளிச்சம் இருந்தது, சுருக்கம் இருந்தது, நான் இருந்தேன். ஆயாதான் பாதி இருந்தார்.

"இரு" என்றார். குழாயடியில் முகம் கழுவினார். தலையைப் படிய வாரி, விபூதி வைத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, மூடியிருந்த ஒரு கடைச் சுவரோரம் நிழலில் வந்து நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டி, அட்டென்ஷன்.

"கொஞ்சம் சிரிங்க ஆயா."

"மாலைக்குப் பின்னாடி எவளாவது பல்லக் காட்டுவாளா? எடு!"

அப்பெர்ச்சர் 8. ஷட்டர், ஒரு செகண்டில் 125-ல் ஒரு பங்கு. இரண்டு காதும், இரண்டு கம்மலும் பளிச். கலை சுத்தமாக இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மூன்று காப்பி கொடுத்தேன். ஆயாவுக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். காசு எவ்வளவு என்றார். வேண்டாம் என்றேன். "ஓசில வாங்கிக்க மாட்டேன்" என்று நாலு முழம் மல்லி அளந்து போட்டார். கேமரா வாங்கி நான் பார்த்த முதல் வருமானம்! பூவை வாங்கிக்கொண்ட சகதர்மிணி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் பொழுதுபோக்கைப் பற்றி நல்லதாக ஏதோ முணுமுணுத்தாள்.

என்னிடம் இருந்த நாலாவது பிரதியை அம்மா பார்த்துவிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"லட்சணமா இருக்காடா. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எடு. ரெண்டு காதும் தெரியணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. பேட்டரி சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் எடுத்தேன். ஆனால் முதலில் எல்லோரும் சேர்ந்து ஒன்று என்று அடம் பிடித்தேன். அம்மா நாற்காலியில்; சகதர்மிணியும் பையனும் இந்தப் பக்கம்; எனக்கு அந்தப் பக்கம் காலி இடம். பத்து செகண்ட் டைமர். முதல் படத்தில் நான் முதுகு. இரண்டாவதில் பாதி வேட்டி. மூன்றாவதில் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. நாலாவதில்தான் ஒழுங்காகப் போய் நின்றேன்.

அம்மா தோளில் கை வைத்திருப்பது நான். கறுப்பு வார் வாட்ச். படத்தின் பின்னால் பேனாவால் எழுதியும் வைத்துவிட்டேன். பிற்காலத்தில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.