குழந்தைகளுக்காக வந்த சிகிச்சை, இந்தியக் குழந்தைகளுக்குக் கடைசியாக வருவது ஏன்?

ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் பொம்மசந்திரா. வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம், தருமபுரி பஸ் பிடித்து ஊருக்குப் போகும் நம்மில் பலர் அங்கே நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். இந்தியாவில் ரத்தப் புற்றுநோய்க்கான மிக நவீன சிகிச்சைகளில் ஒன்று அந்த வளாகத்தில்தான் தயாராகிறது.

அதே நேரம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. "4 வயதுக் குழந்தை, லுக்கேமியா, உதவுங்கள்." கூடவே யாராவது ஒருத்தர் கேட்பார்: "கார்-டி சிகிச்சை இங்கேயே வந்துடுச்சே, அதை ஏன் கொடுக்கல?"

நியாயமான கேள்வி. அந்த 4 வயதுக் குழந்தை இப்போதைய அனுமதிக்குள் வராது என்பதுதான் பதில். ஏன் வராது என்று புரிய, குழந்தைகளிடம் நடக்கும் கிளினிக்கல் டிரையல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்-டி என்றால் என்ன? பெங்களூரில் என்ன நடக்கிறது?

நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் நோய் எதிர்ப்புப் படையின் வீரர்கள். புற்றுநோய் செல்லை அவை சில சமயம் எதிரி என்று அடையாளம் காண்பதில்லை. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, எதிரியை அடையாளம் காட்டும் ஒரு மரபணுவை உள்ளே செலுத்தி, பெருக்கி, மறுபடியும் அவர் உடம்பிலேயே ஏற்றுகிறார்கள்.

இந்தியாவில் இதில் முதலில் அனுமதி பெற்றது நெக்ஸ்கார்19. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. இம்யூனோஆக்ட் நிறுவனம் தயாரிக்கிறது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான டிரையலில் 64 பேர் இருந்தார்கள். பலனை மதிப்பிட முடிந்த 51 பேரில் 73 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகவோ பகுதியாகவோ கட்டுப்பட்டது.

பெங்களூரின் பங்கு இம்யூனீல் தெரபியூட்டிக்ஸ். கிரண் மஜும்தார்-ஷா, புற்றுநோய் மருத்துவர் சித்தார்த்தா முகர்ஜி உள்ளிட்டோர் தொடங்கிய நிறுவனம். 'இமேஜின்' என்ற டிரையலை நடத்தி, 2025 ஜனவரியில் 'கார்டெமி' என்ற பெயரில் சிகிச்சையைக் கொண்டுவந்தது.

இனி வயது வரம்பைப் பாருங்கள். நெக்ஸ்கார்19-க்கான அனுமதி 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. கார்டெமி வந்தது பெரியவர்களின் ஒரு வகை லிம்போமாவுக்கு.

15 வயது வரம்பில் என்ன சிக்கல்?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் லுக்கேமியாவுக்கு. அதிலும் அதிகம் வருவது ஏ.எல்.எல். எனப்படும் வகை. 2 முதல் 5 வயதுக்குள்தான் அது உச்சத்தில் இருக்கும். அதாவது இந்த நோய் அதிகம் வரும் வயதே அனுமதிக்கு வெளியே நிற்கிறது.

இந்தச் சிகிச்சையின் வரலாறு நேர் எதிரானது. 2012-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி கார்-டி சிகிச்சை பெற்றார். ஏ.எல்.எல். நோய்க்கு அதைப் பெற்ற முதல் குழந்தை அவர். கடுமையான பக்கவிளைவால் உயிருக்கே ஆபத்து வந்தது. அதிலிருந்து மீண்டார், நோயும் போனது. பிறகு 11 நாடுகளில் 75 குழந்தைகள், இளைஞர்களிடம் நடந்த டிரையலில், 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோயின் அடையாளம் மறைந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த முதல் கார்-டி சிகிச்சையே 25 வயது வரையிலான லுக்கேமியா நோயாளிகளுக்கானதுதான்.

பெங்களூரில் தயாராகும் சிகிச்சையின் வேர் பார்சிலோனாவில் இருக்கிறது. அங்குள்ள கிளினிக் மருத்துவமனை உருவாக்கிய ஏ.ஆர்.ஐ.-0001 தான் அதன் மூலம். 'ஆரி' என்பது 2016-ல் லுக்கேமியாவால் இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் பெயர். அவருடைய அம்மா முன்னின்று நிதி திரட்டியதால் அந்தத் திட்டமே அவர் பெயரில் நடந்தது. ஒரு லுக்கேமியா நோயாளியின் பெயரில் தொடங்கியது, இங்கே சந்தைக்கு வரும்போது பெரியவர்களின் லிம்போமா மருந்தாக வந்திருக்கிறது.

அப்படி ஆனது ஏன்?

யாரும் குழந்தைகளுக்கு எதிராகத் திட்டம் போடவில்லை. பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

முதலாவது, எண்ணிக்கை. ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பெரும்பாலானோரை நல்ல வசதி இருந்தால் கீமோவிலேயே குணப்படுத்த முடியும். நோய் திரும்பி வந்து, கீமோவுக்கும் அடங்காத குழந்தைகளுக்குத்தான் கார்-டி தேவை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களின் லிம்போமாதான் பெரிய சந்தை.

இரண்டாவது, தொழில்நுட்பம். 12 கிலோ எடையுள்ள குழந்தையின் ரத்தத்தில் இருந்து போதுமான டி செல்களைப் பிரித்தெடுப்பது, பெரியவர்களிடம் எடுப்பதைவிடச் சிரமம்.

மூன்றாவது, சட்டம். இந்தியாவின் 2019 புதிய மருந்து மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள், முதல் கட்டப் பாதுகாப்புத் தகவலைப் பொதுவாகப் பெரியவர்களிடம் இருந்தே எடுக்கச் சொல்கின்றன. முக்கியமாகக் குழந்தைகளைத் தாக்கும் நோய் என்றால் அடுத்த கட்டத் தகவல் குழந்தைகளிடம் இருந்து வர வேண்டும். பெரியவர்களிடம் சோதிப்பதில் பயனில்லை என்றால் அதற்கும் விலக்கு உண்டு. அதாவது சட்டம் குழந்தைகளிடம் டிரையல் நடத்துவதைத் தடுக்கவில்லை. ஆனால் நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அமெரிக்காவில் 2017-ல் நிறைவேறி 2020-ல் அமலுக்கு வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பெரியவர்களின் புற்றுநோய்க்கான புது மருந்து, குழந்தைகளின் புற்றுநோயிலும் முக்கியமான இலக்கைத் தாக்குமானால், அதைக் குழந்தைகளிடமும் ஆராய நிறுவனங்கள் கடமைப்பட்டவை. ஐரோப்பாவிலும் 2007 முதல் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை.

"என் பிள்ளை சோதனை எலியா?"

பெற்றோரின் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009-10ல் அன்றைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. 7 சிறுமிகள் இறந்தார்கள். மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டது தெரியவந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே காலத்தில் உச்ச நீதிமன்றமும் தலையிட, விதிகள் இறுகின.

இன்று ஒரு குழந்தை டிரையலில் சேர வேண்டுமென்றால் இவை அடிப்படை:

- பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல். நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். பெங்களூரில் சிகிச்சை என்றாலும் தமிழ்ப் படிவம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.
- குழந்தையின் சம்மதம். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தாக.
- எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் பதிவு. 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.
- டிரையலால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம். மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இழப்பீடு. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கணக்கிடுகிறார்கள். நோய் முற்றியவர் என்றால் தொகை குறையும்.
- எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை. விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் தேவைதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் குழந்தைகளை டிரையலில் இருந்தே ஒதுக்கினால், ஆபத்து போய்விடாது, இடம்தான் மாறும். குழந்தையின் உடம்பில் எந்த டோஸ் சரி என்ற தகவல் இல்லாமலேயே ஒரு டாக்டர் என்றைக்காவது மருந்து கொடுக்க வேண்டி வரும். அதுவும் ஒரு சோதனைதான். கமிட்டியும் இழப்பீடும் இல்லாத சோதனை.

புது மருந்து வந்தால்தான் டிரையலா?

இல்லை. இந்தியக் குழந்தைகளுக்கு அதிகம் உதவக்கூடிய டிரையல்கள் செய்தியில் வருவதே குறைவு.

வளர்ந்த நாடுகளில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். இங்கே அந்த அளவு குறைவு. நோய் மட்டும் காரணமில்லை. கீமோ நேரத்தில் வரும் தொற்று, சத்துக்குறைவு, பணமில்லாமல் பாதியில் நின்றுபோகும் சிகிச்சை, இவையும் உயிரை எடுக்கின்றன.

இதற்காகவே இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து 'ஐசிக்கிள்' என்ற கூட்டு டிரையலை உருவாக்கின. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் இந்தக் கூட்டமைப்பில் உண்டு. அதில் ஒரு கேள்வி: ஆபத்து குறைவான சிறு குழந்தைகளுக்கு முதல் கட்டத்தில் கொடுக்கும் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டை 5 வாரத்துக்குப் பதில் 3 வாரம் கொடுத்தால் பக்கவிளைவு குறையுமா? பிரெட்னிசோலோன் பழைய, மலிவான மாத்திரை. இதில் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட டிரையல்களுக்குப் பொதுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் தேவைப்படுகிறது.

இந்த மாதிரி டிரையலில் யாரும் சிகிச்சையில்லாமல் விடப்படுவதில்லை. ஒரு பிரிவுக்கு இப்போதைய சிறந்த சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு அதில் ஒரு மாற்றம். எந்தப் பிரிவு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

இப்படித்தான் பெரிய திருப்பங்களும் வந்தன. 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் மருந்து கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 2024-ல் வெளியான அமெரிக்க டிரையலில் 1,440 குழந்தைகள். கீமோவுடன் பிளினாடுமோமாப் சேர்த்தபோது, மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 87.9 சதவீதத்தில் இருந்து 96 சதவீதமானார்கள். முன்னேற்றத்தின் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு வீட்டில் அப்பா அம்மா போட்ட கையெழுத்து இருக்கிறது.

20, 25 வயசுல வந்தா?

இந்தக் கேள்வி உங்களுக்கும் எனக்குமானது. 20 வயதில் ஏ.எல்.எல். வந்தவர் குழந்தைகள் வார்டிலும் சேர முடியாது. 60 வயதுக்காரருக்கான முறையும் அவருக்குச் சரிவராது. அமெரிக்காவில் 17 முதல் 39 வயது வரையிலான 295 பேருக்குக் குழந்தைகளுக்கான தீவிர கீமோ முறையையே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெரியவர்களுக்கான பழைய முறைகளைவிட இது நல்ல முடிவு. தெரிந்தவர்கள் யாருக்காவது இந்த வயதில் நோய் வந்தால், "குழந்தைகளுக்கான புரோட்டோகால் பொருந்துமா?" என்று டாக்டரிடம் கேட்பது வீண் கேள்வி இல்லை.

அந்த வாட்ஸ்அப் மெசேஜ் மறுபடி வந்தால்?

பணம் அனுப்புங்கள். கூடவே அந்தக் குடும்பத்துக்குச் சில கேள்விகளையும் கொடுங்கள். இந்தக் குழந்தைக்குப் பொருந்தும் டிரையல் எங்காவது நடக்கிறதா? அதன் பதிவு எண் என்ன? எந்தக் கட்டம்? சேராவிட்டால் கிடைக்கும் சிகிச்சை எது? தங்கும் செலவு, பயணச் செலவு யார் பொறுப்பு? ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆர் நெறி. பதிவு எண் சொல்லாமல், "புது செல் சிகிச்சை" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மாற வேண்டியது கொள்கையும்தான். புற்றுநோய் மருந்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனத்திடம், "குழந்தைகளுக்கான திட்டம் என்ன?" என்று கேட்க ஒரு விதி வேண்டும். லாபமில்லாத டிரையல்களுக்கு அரசுப் பணம் வேண்டும். பெங்களூரின் கித்வாய் மாதிரி அரசு மருத்துவமனைகளில் சேரும் குழந்தைகளுக்கும் டிரையலின் கதவு திறந்திருக்க வேண்டும்.

செல்களைத் தயாரிக்கும் திறமை பொம்மசந்திராவில் இருக்கிறது. 4 வயதுக் குழந்தைக்கு அது பாதுகாப்பானதா, பலன் தருமா என்று கேட்டுப் பதில் கண்டுபிடிக்கும் பொறுப்பை யாருக்கும் நாம் இன்னும் கொடுக்கவில்லை.