மீனுக்குண்டு பனிக்கட்டி!



பரங்கிப்பேட்டையை அடுத்த அன்னங்கோயில் கரையில் நின்று பாருங்கள். பனிக்கட்டியை நொறுக்கிப் பெட்டியில் நிரப்பி, அதனுள் மீனைப் புதைத்து மூடுகிறார்கள். ஏன்? செத்த மீன் கெட்டுவிடக்கூடாதே! அங்கிருந்து சிறு தொலைவில், பங்குனி வெயிலில் உளுந்து பிடுங்கும் தாயொருத்தி தலை சுற்றி, நாக்குழறி, வரப்பிலே சாய்கிறாள். உயிருள்ள அவளுக்கு ஒரு துண்டுப் பனிக்கட்டி உண்டா? திருநீறு வருகிறது. வேப்பிலை வருகிறது. ‘விதி’ என்றொரு சொல்லும் வருகிறது.

விதியல்ல, வெயில்! பஞ்சாங்கம் கத்திரிக்கு நாள் குறிக்கிறது. பஞ்சாங்கம் பார்த்தா வெயில் கொல்கிறது? சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகசம் காணத் திரண்டோரில் 5 பேர் மாண்டது 2024 அக்டோபர் 6-ஆம் நாள். கத்திரி முடிந்து நான்கு திங்கள் கழித்து!

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அறிவும் தடுமாறினால் அதுவே வெப்பத்தாக்கு. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கியாக வேண்டும்; தவறினால் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் சிதையும். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை கைகட்டி நிற்பதா? நிழலில் கிடத்துங்கள். ஆடையைத் தளர்த்துங்கள். நெல் மூடும் தார்ப்பாயைத் தொட்டில்போல் நால்வர் பிடித்து, நீரும் பனிக்கட்டியும் கொட்டி, தலையை ஒருவர் தாங்க, கழுத்துவரை ஆழ்த்துங்கள். பனிக்கட்டி இல்லையா? குடங்குடமாய் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் மோரோ இளநீரோ புகட்டாதீர், மூச்சுக்குழலில் இறங்கும். காய்ச்சல் மாத்திரை இங்கே பயன்படாது.

டில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை 2024-இல் இதற்கெனத் தனிப்பிரிவு திறந்து, நோயாளியைப் பனிநீரில் ஆழ்த்தும் தொட்டிகளை வைத்தது. தலைநகருக்குத் தொட்டி, வரவேற்கிறோம். புவனகிரிக்கு?

பேரிடர்ப் பட்டியலை நீட்டத் தேவையில்லை என்றது 15-ஆவது நிதிக்குழு. குளிரலைக்கு இடமிருந்த அப்பட்டியலில் வெப்ப அலைக்கு அன்று இடமிருக்கவில்லை! தமிழ்நாடு 2024 அக்டோபரில் தானே அதை மாநிலப் பேரிடர் என அறிவித்தது. மாண்டோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றது. வேண்டியதுதான். எனினும், பிணமானபின் வரும் இலட்சங்களினும், மூச்சிருக்கும்போது வரும் ஒரு பாளம் பனிக்கட்டி பெரிதன்றோ?

நம்மையும் நாமே கேட்டுக்கொள்வோம். 2023 ஏப்ரல் 16-இல், நவி மும்பையின் கார்கரில் மராட்டிய அரசின் விருது விழா. மேடைக்குக் கூரை, மக்களுக்கு வானமே கூரை. 14 பேர் மாண்டனர். நம் கூட்டங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? பந்தல் நிழலில் நின்று நானும் முழங்கியிருக்கிறேன், வெயிலில் இருந்தோரைப் பார்த்து, “கலையாதீர்!” என்று. கைதட்டல் ஓய்ந்தபோது ஆர்வம் குறைந்ததென எண்ணினேனேயன்றி, நா வறண்டதென எண்ணினேனில்லை.

ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் ஆள் படுக்கும் தொட்டியும், பனிக்கட்டிப் பெட்டியும், உள்வெப்பம் அளக்கும் கருவியும் வேண்டும். வேலைத்தளந்தோறும் தார்ப்பாயும் தண்ணீரும் வேண்டும். கழனியிலும் சூளையிலும் நண்பகல் ஓய்வு கூலிப் பிடித்தமின்றி வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிளைத் தோழர்கள் இவ்வாரமே தத்தம் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் செல்க. தொட்டி எங்கே, பனிக்கட்டி எங்கே எனக் கேட்க. கிடைத்த விடையை, கிடைத்தபடியே, நம் ஏட்டுக்கு எழுதியனுப்புக.