பழைய கணினியை எடைக்குப் போடுமுன்



சென்ற ஆண்டு போகிக்கு முந்தைய நாள் நம் சங்க அறையைத் துப்புரவு செய்தோம். அலமாரியின் அடித்தட்டில், வேட்டித் துண்டில் சுற்றிய பொருளொன்று அகப்பட்டது. அவிழ்த்து நோக்கினால், 2005ஆம் ஆண்டு சங்கத்துக்கென வாங்கிய கணினியின் வன்தட்டு. கணினி எப்போதோ போய்விட்டது, இஃதொன்றே எஞ்சியிருந்தது. உடனிருந்த இளைஞர் ஒருவர், "இது செத்துப்போன ஹார்டு டிஸ்க்குங்க ஐயா. பழைய இரும்போட எடைக்குப் போட்டுடலாமா?" என்று வினவினார். எமக்கு விடை கூற நா எழவில்லை.

ஏன் எழவில்லை என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது எம் கடமை. அவ்வன்தட்டினுள் 14 பெரியவர்களின் குரல் இருந்தது. 2008, 2009 ஆகிய ஈராண்டுகளில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் முதலிய இடங்களின் லைன் வீடுகளுக்குச் சென்று, சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த முதியோரைப் பேசச் செய்து பதிந்து வந்தோம். தங்கவயலின் சுரங்கங்கள் 1880ஆம் ஆண்டு தொட்டு ஜான் டெய்லர் கம்பெனியின் ஆளுகையில் வளர்ந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சுடன் வந்த நம் முன்னோரின் தோள்வலியால் ஆழ்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கீழிறங்கிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் எல்லாம் மூடப்பட்டன. எடுத்த பொன்னின் எடை கம்பெனிக் கணக்கில் உண்டு. அப்பொன்னை எடுத்தவர் முதல் நாள் கூண்டில் ஏறி இருளுக்குள் இறங்கியபோது என்ன நினைத்தார் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எங்ஙனம் தேடுவது? அஃது அவர் நினைவில் மட்டுமே இருந்தது. பின்னர் எம் வன்தட்டிலும் இருந்தது.

பிழை செய்தவர் யாமே. 2013இல் அக்கணினி இயங்காது போயிற்று. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினோம். "இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்; செய்யலாமா?" என்று திரை கேட்டது. என்ன கேட்கிறது என்று முழுதும் படியாமலே "ஆம்" என்று அழுத்தினோம். அழுத்திய மறுநொடியே நெஞ்சு திடுக்கிட்டது. ஆயினும் அம்பு வில்லை விட்டு நீங்கிவிட்டது. பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தோம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒன்றுமில்லை" என்று திருப்பித் தந்தனர். அன்று முதல் அது துணியில் உறங்கிக் கிடந்தது. அந்தப் 14 பேரில் 11 பேர் இதற்குள் காலமாகிவிட்டனர்.

"உள்ளே ஒன்றுமில்லை" என்பது மெய்தானா? தங்கவயலில் பிறந்தவர்கள் இக்கேள்வியைச் சற்று நின்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். நம் ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளைப் பாருங்கள். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கழிவென்று கொட்டிய மண் அது. அந்த மண்ணிலும் பொன் எஞ்சியிருக்கிறது. அதனாலன்றோ 13 மேடுகளை மீண்டும் தோண்டும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் திங்களில் ஒப்புதல் அளித்தது! வன்தட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

வன்தட்டினுள்ளே கண்ணாடிபோல் மெருகேறிய வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேல் காந்தப் பூச்சு. அவை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தூசித் துகள் நுழைய இயலாத நுண்ணிய இடைவெளியில் மிதந்தவாறு படிக்கிறது. இவ்வகைக் கருவியை முதன்முதல் ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. மைசூர் அரசு நம் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். அம்முதற் கருவியில் 50 தட்டுகள். எடை ஒரு டன் அளவு. கொள்ளளவோ சற்றேறக்குறைய 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கே அவ்விடம் போதும் போதாததாய் இருக்கும்!

நூலகமொன்றில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் நூல் மறைந்துவிடுமா? அலமாரியிலேதான் இருக்கும்; எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் நிகழ்வதும் இதுவே. கோப்பின் பெயரும் இடமும் எழுதிய குறிப்பில் மட்டும் "இவ்விடம் காலி" என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் அவ்விடத்திலேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் அஃது உண்மையில் அழியும். விரைவு ஃபார்மட் என்பதும் பெரும்பாலும் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுவது. முழு ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு அது தட்டு முழுவதும் சுழியங்களை எழுதிவிடுகிறது. யாம் அன்று அழுத்தியது விரைவு ஃபார்மட். அதுவே எம் நற்பேறு.

"எடைக்குப் போட்டுடலாமா" என்று கேட்ட அதே இளைஞர்தாம் இம்மீட்புப் பணியை ஏற்றார். நாள்தோறும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் பல்லாயிரவருள் அவரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்கினார். பழைய வன்தட்டு ஆதலின் 40 ஊசிகள் கொண்ட அகன்ற பட்டை இணைப்பு. இன்றைய கணினிகளில் அதற்கு இடமில்லை. யூஎஸ்பி மாற்றி ஒன்றும், 12 வோல்ட்டு தனி மின்னூட்டமும் வாங்கி இணைத்தார். உடனே திறந்து பார்க்கத் துடித்த எம்மைத் தடுத்து, "முதலில் படி எடுக்கணும் ஐயா, அப்புறந்தான் தேடணும்" என்றார்.

மீட்புக் கலையின் மூலவிதி அதுவே. நொந்துபோன தட்டில் தேடத் தேட, அது மேலும் நோகும். ஆகவே டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, தட்டு முழுவதையும் அப்படியே புதிய வன்தட்டொன்றில் படியெடுத்தார். அம்மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும்; படிக்க இயலாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, இறுதியில்தான் திரும்ப வந்து முயலும். நம் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது, முட்டுக் கொடாமல் உள்ளே பாய்ந்தவர் தாமும் புதையுண்ட கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஈண்டும் பொறுமையே முட்டு. இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடிப் படியெடுத்து முடிந்தது. பின்னர் மூலத்தைத் துணியில் சுற்றிவிட்டு, படியில் மட்டும் ஃபோட்டோரெக் என்னும் மற்றோர் இலவச மென்பொருளை ஓட்டினார். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. படம், ஒலி, ஆவணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் அமைந்த அடையாளத்தைக் கண்டு, அங்கிருந்து எடுக்கத் தொடங்கும். எனவே கோப்புகள் கிடைத்தாலும் பெயர்கள் கிடையா. துண்டு துண்டாகப் பதிந்தவை முழுமையாய்ச் சேர்வதும் அரிது.

கிடைத்தது என்ன? ஒன்பது குரல்கள் முழுமையாக வந்தன. மூன்று பாதியில் அறுந்தன. இரண்டு வரவே இல்லை. வந்தவையும் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வந்தமையால், எவர் குரல் எது என்று தெரியவில்லை. அவர்தம் மக்களைச் சங்கத்துக்கு அழைத்துக் கேட்கச் செய்தோம். மூன்றாம் கோப்பு ஓடத் தொடங்கியதும், பேச்சுக்கு முன்னர் ஓர் இருமல் கேட்டது. "எங்கப்பா" என்றார் அங்கிருந்த அம்மையார் ஒருவர். சிலிகோசிஸ் தந்த அவ்விருமலைத் தங்கவயலில் அறியாதார் யார்? ஆயினும் தன் தந்தையின் இருமலை மகள் தனித்து அறிந்தாள். அறையில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

வாராத இரண்டில் ஒன்று, வேறு வடிவில் வந்தது. அப்பெரியவரின் பேச்சை அக்காலத்தில் எம் அன்பர் ஒருவர் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவ்வாவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியும் கலந்த குப்பையாகத் தோன்றிற்று. "இதுவும் கெட்டுவிட்டது" என்று அழிக்கப்போனவர்களை இளைஞர் தடுத்தார். அது கெட்டதன்று, பழைய எழுத்துரு! ஒருங்குறி பரவுமுன், ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தியிருந்தது. பாமினி ஒரு முறை. டிஸ்கி வேறு முறை. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாய் வந்த டாம், டாப் ஆகியன பிற முறைகள். தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் அலுவல்களுக்கு ஏற்றதே 2010இல்தான். எழுத்துருவின் வகையைக் கண்டு, மாற்றி மென்பொருளில் இட்டவுடன், குப்பை தமிழாயிற்று. அதில் அப்பெரியவர், தம் முதற்கூலியோடு ஊர் சென்ற நாளைச் சொல்லியிருந்தார். பொன் எப்படி இருக்கும் என்று தாய் கேட்கவில்லையாம். அங்கே வெயில் படுமா என்று மட்டும் கேட்டாராம்.

இனி நம் இல்லங்களின் செய்திக்கு வருவோம். சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் பெயர்ந்தனர். பெற்றோர் வீட்டில் கட்டிலின் அடியில் அவர்கள் விட்டுச் சென்ற பழைய கணினி உறங்குகிறது. அதில் தாத்தாவின் கடைசிப் படம் இருக்கலாம்; தங்கையின் திருமணம் இருக்கலாம்; பணிச் சான்றுகளின் படியும் இருக்கலாம். அவர்களுக்குச் சில சொற்கள்.

கோப்பு அழிந்தது என்று அறிந்தவுடன் கணினியை நிறுத்திவிடுங்கள். மீட்கும் மென்பொருளை அதே தட்டில் நிறுவாதீர்கள். மீட்டதை அதிலேயே சேமிக்கவும் வேண்டா. திரை எதைக் கேட்டாலும் படித்தபின் விடை தாருங்கள். ஃபார்மட் செய்யட்டுமா, பிழை திருத்தட்டுமா என்று கேட்டால் "வேண்டா" என்க. வன்தட்டு "டிக், டிக்" என்று தட்டும் ஒலி எழுப்பினால் படிக்கும் முனை நொந்துள்ளது என்று அறிந்து, மின்சாரத்தை உடனே துண்டியுங்கள். அத்தகைய தட்டு தூசியற்ற அறையும் தேர்ந்த கையும் உள்ள நிலையத்துக்கு உரியது, செலவு மிகும், எனவே உள்ளிருப்பது அத்தகு மதிப்புடையதா என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்க. வீட்டில் திருகாணியைக் கழற்றித் திறப்பதும், குளிர்பெட்டியில் வைப்பதும் கேட்டினை விரைவுபடுத்தும்.

நம்பிக்கை இழக்கவும் வேண்டா. கல்பனா சாவ்லா உயிர்நீத்த கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி முதல் நாள் வானில் சிதறிற்று. அதிலிருந்த வன்தட்டொன்று கருகி உருக்குலைந்து டெக்சாஸ் மண்ணில் கிடைத்தது. உள்ளிருந்த தட்டுகள் சிதையாதிருந்தமையால், வல்லுநர்கள் அவற்றைத் தூய்மை செய்து வேறு கருவியில் பொருத்தி, செனான் வாயு பற்றிய ஆய்வுக் குறிப்புகளில் ஏறக்குறைய அனைத்தையும் மீட்டனர். அவ்வாய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று. விண்ணிலிருந்து வீழ்ந்ததே பேசியதெனில், கட்டிலடியில் கிடப்பது பேசாதா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இந்நாளைய எஸ்எஸ்டி தட்டுகளில் சுழலும் உறுப்பில்லை; அழித்த இடத்தை அவை தாமே விரைவில் துடைத்துக்கொள்ளும். பழைய வன்தட்டு காட்டிய கருணையை அவற்றிடம் எதிர்பார்த்தல் வீண். மற்றொன்று: நாம் மீட்கக்கூடியதைப் பிறரும் மீட்கக்கூடும். ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் கொண்ட தட்டை, "எல்லாம் அழித்துவிட்டேன்" என்ற நம்பிக்கையில் எடைக்குப் போடாதீர்கள். வேண்டியதைப் படியெடுத்தபின், தட்டு முழுவதையும் சுழியங்களால் நிரப்பி, அதன்பின் கொடுங்கள்.

உ.வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை மற்றோர் ஏட்டில் கண்டு அவர் நிரப்ப முடிந்தது, பலர் பல வீடுகளில் படியெடுத்து வைத்திருந்தமையாலன்றோ! ஒரே படி என்பது படியே இன்மைக்குச் சமம். இக்குறையால்தான் ஒரு பெரியவரின் குரலும் சொல்லும் முற்றாக எம்மை விட்டுப் போயின. அவருடைய மகனுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் வந்து கேட்டதே அப்பாவுக்குப் பெருமகிழ்ச்சி" என்று அவர் விடை எழுதியிருந்தார். அவ்விடையால் எம் பாரம் குறையவில்லை.

மீட்ட குரல்கள் இன்று மூன்று இடங்களில் உள்ளன: சங்க அறையில் ஒன்று, பெங்களூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஒன்று, அவரவர் பிள்ளைகளிடம் ஒவ்வொன்று. வரும் திங்கள் முதல், ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் யூஎஸ்பி மாற்றியும் அவ்விளைஞரும் இருப்பார்கள். கட்டிலடியில் உறங்கும் தட்டுகளை எடுத்து வாருங்கள். வருமுன் எதையும் அழுத்தாதீர்கள். அவ்வொன்றே எம் வேண்டுகோள்.